வாரண்டியில் சரிசெய்த கார் மறுபடி மக்கர் பண்ணுதா? ஜாப் கார்டை மட்டும் விட்டுடாதீங்க!

கடன் போட்டு கார் வாங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. கியர் பாக்சில் சத்தம். சர்வீஸ் சென்டரில் விட்டால், "சரி பண்ணிட்டோம் சார்" என்று சாவியைக் கையில் கொடுக்கிறார்கள். பதினைந்தே நாளில் அதே சத்தம். திரும்ப விட்டால் திரும்பவும் "சரி பண்ணிட்டோம்". இப்படியே நாலு தடவை அலைந்த பிறகு, ஐந்தாவது தடவை போகும்போது புது பல்லவி பாடுகிறார்கள். "வாரண்டி போன வாரமே முடிஞ்சிருச்சே சார். இனிமே காசு கட்டித்தான் பார்க்கணும்."

கார் வைத்திருக்கும் பலர் இந்த இடத்தில்தான் தலையில் கை வைத்து உட்கார்ந்து விடுகிறார்கள். மாச தவணை ஒரு பக்கம், ரிப்பேர் பில் ஒரு பக்கம். "பெரிய கம்பெனி, நம்மால் என்ன செய்ய முடியும்" என்று பணத்தைக் கட்டிவிட்டு வந்து விடுகிறார்கள்.

ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2019, கடந்த 2020-ம் ஆண்டு ஜூலை மாதம் அமலுக்கு வந்தது. 1986-ம் வருஷத்து பழைய சட்டத்துக்குப் பதில் வந்த இந்த புது சட்டத்தில், கார் வாங்கியவருக்கு சாதகமான விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை எப்படிப் பயன்படுத்துவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோளாறு வேறு, சேவை குறைபாடு வேறு

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். காரிலேயே பிழை இருப்பது ஒன்று. அதை ரிப்பேர் செய்தவர் ஒழுங்காகச் செய்யாதது இன்னொன்று. முதலாவதை சட்டம் பொருளின் குறைபாடு என்கிறது. இரண்டாவதை சேவை குறைபாடு என்கிறது.

இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். ஏனென்றால், "கம்பெனி தயாரிப்பிலேயே பிழை" என்று நீங்கள் சொன்னால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டி வரும். பெரும்பாலும் நிபுணர் அறிக்கை கேட்பார்கள். "ஒரே கோளாறுக்கு நாலு தடவை விட்டேன், நாலு தடவையும் சரியாகவில்லை" என்று சொன்னால் அதற்கு உங்கள் கையில் இருக்கும் பேப்பரே சாட்சி. அந்த பேப்பர்தான் ஜாப் கார்டு.

பல பேர் செய்யும் தப்பு என்னவென்றால், கோபத்தில் "எனக்கு புது கார்தான் வேணும்" என்று மட்டும் கேட்டு வழக்கு போடுவது. தயாரிப்புக் கோளாறை நிரூபிக்க முடியாவிட்டால் கேஸ் படுத்துவிடும். அதனால் புது காரோ, பணமோ கேட்டாலும், அது இல்லாவிட்டால் இலவசமாக முழுசாக சரிசெய்து தர வேண்டும், அலைச்சலுக்கு இழப்பீடு வேண்டும் என்று மாற்றுக் கோரிக்கையையும் மனுவிலேயே எழுதிவிட வேண்டும்.

வாரண்டி முடிஞ்சு போச்சுன்னா?

சர்வீஸ் சென்டர்களில் அடிக்கடி சொல்லும் பதில் இது. இதற்கு நீங்கள் கேட்க வேண்டிய எதிர்கேள்வி ஒன்றே ஒன்றுதான். "இந்த கோளாறை நான் முதல்ல எப்போ சொன்னேன்?"

வாரண்டி இருக்கும்போதே நீங்கள் புகார் சொல்லி, அது ஜாப் கார்டில் பதிவாகி, அவர்களும் வேலை பார்த்து, அப்படியும் சரியாகவில்லை என்றால், அது புது கோளாறு இல்லை. பழைய பாக்கி. வாரண்டிக்குள் செய்ய வேண்டிய வேலையை முடிக்காமல் விட்டுவிட்டு, தேதியைக் காட்டி தப்பிப்பது சேவை குறைபாடுதான் என்று நீங்கள் வாதாடலாம். கோர்ட்டு முதலில் பார்ப்பதும் அந்த முதல் புகார் தேதியைத்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கார் ஒர்க்ஷாப்பில் கிடந்த நாட்களுக்கு வாரண்டி தானாக நீளும் என்று நினைக்காதீர்கள். நுகர்வோர் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. மாற்றிய புது பார்ட்டுக்கும் புதுசாக வாரண்டி தொடங்காது, பழைய வாரண்டியில் மிச்சம் இருக்கும் காலம்தான் என்று பல கம்பெனிகளின் கையேட்டில் எழுதியிருக்கும். இது கம்பெனிக்கு கம்பெனி மாறும். கார் வாங்கும்போது கொடுத்த வாரண்டி புத்தகத்தை டேஷ்போர்டு பெட்டியில் தூங்க விடாமல் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

கிளட்ச் பிளேட், பிரேக் பேடு, வைப்பர் பிளேடு, பல்பு போன்ற தேயும் பொருட்களுக்கு பொதுவாக வாரண்டி கிடையாது, அல்லது குறைந்த காலத்துக்குத்தான் இருக்கும். அதே நேரம், கிளட்ச் பிளேட் தேய்ந்ததற்குக் காரணமே வேறு ஒரு பார்ட்டில் இருக்கும் பிழை என்றால் கதை மாறும். அதனால் "தேய்மானம்" என்று வாயால் சொன்னால் விடாதீர்கள். காரணத்தை எழுதிக் கேளுங்கள்.

புது கார் கிடைக்குமா?

எல்லாருடைய ஆசையும் இதுதான். சுப்ரீம் கோர்ட்டு இதில் என்ன சொல்லியிருக்கிறது?

கடந்த 2006-ம் ஆண்டு மாருதி நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், கிளட்ச் கோளாறுக்காக காரையே மாற்றித் தர வேண்டும் என்ற உத்தரவை சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. வாரண்டி நிபந்தனையில் பழுதான பார்ட்டை மாற்றித் தருவதாகத்தான் இருக்கிறது, காரை மாற்றித் தருவதாக இல்லை என்று சொல்லிவிட்டது.

2010-ம் ஆண்டு ஃபியட் கார் வழக்கில் நிலைமை வேறு. என்ஜினையே மாற்றிக் கொடுத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை என்பது வாங்கியவரின் புகார். நடுநிலையான தொழில்நுட்ப நிபுணரை வைத்து காரை சோதிக்க வேண்டும், தயாரிப்பிலேயே கோளாறு என்று அவர் சொன்னால் காரின் விலையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஹூண்டாய் கிரெட்டா கார் வழக்கு. விபத்தில் ஏர்பேக் திறக்கவில்லை. காரை மாற்றித் தர வேண்டும், இழப்பீடும் தர வேண்டும் என்று நுகர்வோர் ஆணையம் போட்ட உத்தரவை சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும். சாதாரண பார்ட் கோளாறு என்றால் பார்ட் கிடைக்கும், அலைச்சலுக்குப் பணம் கிடைக்கும். தயாரிப்பிலேயே பிழை என்று நிபுணர் சொன்னாலோ, உயிருக்கு ஆபத்தான பாதுகாப்பு குறைபாடு என்றாலோ கார் அல்லது பணம் வரை போகலாம்.

"வெளியில விட்டீங்க, வாரண்டி கட்"

இது இன்னொரு வழக்கமான வசனம். பஞ்சர் போட்டதற்கும், வெளியில் ஆயில் மாற்றியதற்கும்கூட வாரண்டி போச்சு என்று பயமுறுத்துவார்கள்.

இந்திய போட்டி ஆணையம் கடந்த 2014-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் ரூ.2 ஆயிரத்து 544 கோடி அபராதம் விதித்தது. ஸ்பேர் பார்ட்சை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்தது முக்கிய குற்றச்சாட்டு. கம்பெனிகள் இதை எதிர்த்து அப்பீல் போயின. அந்த உத்தரவில் வாரண்டி பற்றியும் முக்கியமான வரி இருந்தது. வெளி மெக்கானிக்கிடம் விட்டார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக்கூடாது. வெளியில் செய்த வேலையால் எந்த அளவுக்கு சேதம் வந்ததோ, அந்த அளவுக்கு மட்டும்தான் மறுக்கலாம் என்றது ஆணையம்.

அதாவது, வெளியில் ஹாரன் மாற்றியதால் கியர் பாக்ஸ் வாரண்டி போகாது என்று நீங்கள் கேட்க நியாயம் இருக்கிறது. ஆனால் வெளியில் ஒயரை வெட்டி ஆம்ப்ளிபயரும் கூடுதல் விளக்கும் மாட்டிவிட்டு, பிறகு மின்சார இணைப்பில் கோளாறு வந்தால் கம்பெனி மறுப்பதைத் தப்பு சொல்ல முடியாது. வாரண்டி இருக்கும் காலத்தில் ஒயரில் மட்டும் கை வைக்காமல் இருப்பது நல்லது. காலாகால சர்வீசையும் தள்ளிப் போடாதீர்கள். அதையே சாக்காகச் சொல்வார்கள்.

ஜாப் கார்டுதான் ஆயுதம்

கேஸ் ஜெயிப்பதும் தோற்பதும் சர்வீஸ் சென்டர் வாசலிலேயே முடிவாகி விடுகிறது. கீழே சொல்வதை ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள்.

உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். "பொது செக்கப்" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "மூன்றாவது கியர் போடும்போது சத்தம், இதே புகாருக்கு மூன்றாவது தடவை" என்று இருக்க வேண்டும்.

கார் விட்ட தேதி, எடுத்த தேதி, ஓடிய கிலோமீட்டர் மூன்றும் ஜாப் கார்டில் இருக்க வேண்டும். வண்டியை எடுக்கும்போது என்ன வேலை செய்தார்கள், எந்த பார்ட் மாற்றினார்கள் என்ற விவரத்தோடு பில் வாங்குங்கள். வாரண்டி வேலை என்பதால் தொகை பூஜ்யமாக இருந்தாலும் பில் வேண்டும். பொருளுக்கோ சேவைக்கோ பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டம் சொல்கிறது.

எடுக்கும் முன் மெக்கானிக்கை பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் இருந்தால் செல்போனில் பதிவு செய்யுங்கள். "திருப்தி" என்று இருக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். "கோளாறு நீங்கவில்லை, ஆட்சேபணையுடன் எடுத்துச் செல்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு கையெழுத்துப் போடுங்கள். அந்த ஒரு வரி பின்னால் லட்ச ரூபாய்க்கு சமம்.

வாரண்டி கிடையாது என்று சொன்னால், அதைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே, "இன்று இந்த நேரத்தில் இந்த காரணம் சொல்லி மறுத்தீர்கள்" என்று அவர்களுக்கு ஒரு இமெயில் அனுப்புங்கள். அதுவும் ஆதாரம்தான்.

காசு கட்டினால்தான் வண்டி என்றால்?

இந்த இடத்தில் பலர் சண்டை போட்டு காரை ஒர்க்ஷாப்பிலேயே விட்டுவிட்டு வந்து விடுகிறார்கள். அது சரியான வழி அல்ல.

ரிப்பேர் செய்த கூலி பாக்கி இருந்தால் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்த சட்டத்தில் இடம் இருக்கிறது. மாதக்கணக்கில் வண்டி அங்கே நின்றால் நஷ்டம் உங்களுக்குத்தான். பேட்டரி இறங்கும், டயர் கெடும், நிறுத்தி வைத்ததற்கு தனி வாடகையும் கேட்கலாம்.

அதனால், வேறு வழியில்லை என்றால் "வாரண்டியில் வர வேண்டிய வேலை, ஆட்சேபணையுடன் பணம் கட்டுகிறேன்" என்று பில்லில் எழுதி, கார்டு அல்லது யு.பி.ஐ. மூலம் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்து விடுங்கள். கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்டு பிறகு வழக்கு போடலாம். பழைய பார்ட்டையும் கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் மாற்றிய பார்ட் என்றால் கம்பெனி எடுத்துக்கொள்ளும், அப்போது போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் மேல் வழக்கு?

"டீலரைக் கேட்டா கம்பெனிங்கிறான், கம்பெனியைக் கேட்டா டீலர்ங்கிறான்" என்று புலம்பாதவர்கள் குறைவு. இதற்கு ஒரே மருந்து, இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது.

2021-ம் ஆண்டு டாடா மோட்டார்ஸ் வழக்கில், டீலர் செய்த தப்புக்கு கம்பெனிக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. பழைய மாடல் காரை புது மாடல் என்று டீலர் விற்ற வழக்கு அது. ஆகவே மனுவில் பொத்தாம்பொதுவாக இருவரும் பொறுப்பு என்று எழுதினால் போதாது. வாரண்டி கொடுத்தது கம்பெனி, அதை மறுத்தது அல்லது ஒழுங்காகச் செய்யாதது சர்வீஸ் சென்டர், கம்பெனிக்கு இத்தனாம் தேதி இமெயிலில் தெரிவித்தும் நடவடிக்கை இல்லை என்று தனித்தனியாக எழுத வேண்டும். இதற்காகத்தான் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும் முதலிலேயே இமெயில் போட வேண்டும். கூடுதல் காசு கட்டி நீட்டித்த வாரண்டி வாங்கியிருந்தால், அதைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். வேறு நிறுவனம் என்றால் அவர்களையும் சேர்க்க வேண்டும்.

முதல் படி: 1915

நேராக வழக்குக்குப் போகும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். தமிழிலும் பேசலாம். புகார் எண் கொடுப்பார்கள். புகாரை கம்பெனிக்கு அனுப்பி பதில் கேட்பார்கள். பல பிரச்சினைகள் இந்த கட்டத்திலேயே முடிந்து விடுகின்றன. ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு கிடையாது.

அப்படியும் வழிக்கு வரவில்லை என்றால் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ். என்ன கோளாறு, எத்தனை தடவை விட்டீர்கள், என்ன வேண்டும், 15 நாளில் பதில் வேண்டும் என்று எழுதினால் போதும்.

அடுத்து கன்ஸ்யூமர் கோர்ட்டு

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான் மக்கள் வாயில் கன்ஸ்யூமர் கோர்ட்டு. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ரூ.50 லட்சம் வரை இருந்தால் இங்கேதான் வழக்கு. அதற்கு மேல் ரூ.2 கோடி வரை மாநில ஆணையம். அதையும் தாண்டினால் டெல்லியில் உள்ள தேசிய ஆணையம்.

கார் வாங்கியது சென்னையில், நீங்கள் இருப்பது தர்மபுரியில் என்றாலும் கவலை இல்லை. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். புது சட்டம் கொடுத்த பெரிய வசதி இது.

கட்டணமும் குறைவுதான். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. ரூ.5 லட்சத்துக்கு மேல் ரூ.10 லட்சம் வரை ரூ.200. ரூ.20 லட்சம் வரை ரூ.400. ரூ.50 லட்சம் வரை ரூ.1,000. வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே வாதாடலாம். 2025-ம் ஆண்டு தொடங்கிய இ-ஜாக்ரிதி இணையதளம் மூலம் வீட்டில் இருந்தே மனு போடவும் வசதி இருக்கிறது.

பிரச்சினை ஏற்பட்ட நாளில் இருந்து 2 வருஷத்துக்குள் வழக்கு போட வேண்டும். இமெயில் போட்டுக்கொண்டே இருந்தேன், நோட்டீஸ் விட்டேன் என்பதால் இந்த கெடு நீளாது. தாமதத்துக்கு தகுந்த காரணம் காட்டினால் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி இருக்கக்கூடாது.

எதிர்தரப்புக்கு பதில் சொல்ல 30 நாள். மேற்கொண்டு 15 நாள் கிடைக்கலாம். அதற்கு மேல் கிடையாது என்று சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் பெஞ்சு 2020-ல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. நோட்டீஸ் கிடைத்த நாளில் இருந்து 3 மாதத்தில், பொருளை சோதிக்க வேண்டி இருந்தால் 5 மாதத்தில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கத்தான் செய்யும். இருவரும் சம்மதித்தால் சமரச மையத்துக்கு அனுப்பி சீக்கிரம் முடிக்கவும் வழி உண்டு.

காரை நிபுணர் சோதிக்க வேண்டும் என்று மனு போட நினைத்தால் ஆரம்பத்திலேயே போடுங்கள். காரை விற்றுவிட்டோ, வெளியில் பிரித்து ரிப்பேர் செய்துவிட்டோ அப்புறம் கேட்டால் பிரயோஜனம் இல்லை.

டாக்சி ஓட்டுபவருக்கு?

வியாபாரத்துக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த ஒருவர் ஒரு காரை வாங்கி தானே டாக்சி ஓட்டினால் அவரும் நுகர்வோர்தான். சட்டத்திலேயே அந்த விளக்கம் இருக்கிறது. அவருக்கு வண்டி நின்றால் அடுப்பு எரியாது. அதனால் வண்டி ஓடாத நாட்களின் வருமான இழப்பையும் கணக்குப் போட்டுக் கேட்க வேண்டும். டிரிப் விவரம், வங்கிக் கணக்கு, தவணை கட்டிய ரசீது எல்லாம் சேர்த்து வையுங்கள். கார் அப்பா பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தாலும், அவர்கள் சம்மதத்தோடு ஓட்டுபவரும் நுகர்வோர்தான்.

தீர்ப்புக்கு அப்புறம்

மாவட்ட ஆணைய தீர்ப்பை எதிர்த்து 45 நாளில் மாநில ஆணையத்துக்கு அப்பீல் போகலாம். கம்பெனி அப்பீல் போக வேண்டும் என்றால், கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். தீர்ப்பை மதிக்காமல் இருந்தால் ஒரு மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில், அல்லது ரூ.25 ஆயிரம் முதல் ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

பெரிய கம்பெனி என்று பயப்பட வேண்டியது இல்லை. அவர்கள் பக்கம் வக்கீல் இருக்கலாம். உங்கள் பக்கம் தேதி போட்ட நாலு ஜாப் கார்டு இருந்தால், பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான். இன்றைக்கே டேஷ்போர்டைத் திறந்து வாரண்டி எந்த தேதியில், எத்தனை கிலோமீட்டரில் முடிகிறது என்று பாருங்கள். அந்த தேதிக்கு ஒரு மாதம் முன்னால் காரை ஒரு தடவை முழுசாக சோதித்து, இருக்கிற குறையை எல்லாம் ஜாப் கார்டில் ஏற்றி விடுங்கள். பிற்பாடு வரும் பாதி தலைவலி அதிலேயே குறைந்துவிடும்.